மெத்து முனைத் தோட்டா வாங்கப் போன பயணம்

கயல், சரவணா, ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். போன வெள்ளிக்கிழமை போனில் கயல் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, உங்க அர்பாப் மான் சுடுவாராமே, நீங்களும் கூடப் போறீங்களாமே, நெசமா?" நான் வாயைத் திறப்பதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது. அது ஒரு வார்த்தையில் ஆமாம் இல்லை என்று சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அப்பா எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள், சிரிக்க வேண்டாம்.

அர்பாப் என்றால் இங்கே முதலாளி. என் அர்பாப்புக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. அபுதாபியிலிருந்து தெற்கே, லிவா பக்கம், மணல் மேடுகளுக்கு நடுவில் அவருக்குப் பெரிய நிலம் இருக்கிறது. சுற்றிலும் கம்பி வேலி. உள்ளே பேரீச்ச மரங்கள், ஒட்டகங்கள், பிறகு மான்கள். அது என்ன மான் தெரியுமா? கோடியக்கரைக்கு ஸ்கூலில் கூட்டிப் போனார்களே, அங்கே பார்த்த அதே வெளிமான். முறுக்குக் கொம்பு, கறுத்த முதுகு, வெள்ளை வயிறு. முதல் நாள் பார்த்தபோது, நம்ம ஊர் ஆள் ஒருத்தர் நமக்கு முன்னாலேயே விசா எடுத்து வந்துவிட்டார் போல என்றுதான் நினைத்தேன்.

வேலிக்குள் நரி கிடையாது, நாய் கிடையாது. மான் பெருகிக்கொண்டே போகும். தின்னக் கொடுக்கும் பச்சைப் புல்லோ லாரியில் வர வேண்டும். அதனால் குளிர்காலத்தில் வயதான கிடா மான்களில் சிலவற்றை, முறையாக அனுமதி வாங்கி, அர்பாப் சுடுவார். கறி சொந்தக்காரர்களுக்கும் எங்களுக்கும் பங்காகும். அவர் சுடும்போது வண்டி ஓட்டுவது என் டூட்டி.

போன குளிர்காலத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது. அர்பாப்புக்கு வலது தோளில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பழைய துப்பாக்கி சுடும்போது தோளில் கழுதை மாதிரி உதைக்கும், அதை இனிமேல் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உதை குறைந்த, எடை குறைந்த துப்பாக்கி ஒன்று வாங்கினார். அதற்கு 'டூ ஃபார்ட்டி த்ரீ' என்று பேர். கடையில், "உதை கம்மியா இருக்கணும்" என்று அவர் கேட்க, இருப்பதிலேயே எடை குறைந்த தோட்டாவை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தோட்டா கிடாயின் தோள் எலும்பில் பட்டு மேலேயே சிதறிப்போனது. கிடா விழவில்லை. மூன்று காலில் ஓடியது. நானும், ஒட்டகம் மேய்க்கும் பாகிஸ்தான் பட்டாணியர் குல் பாயும் மறுநாள் வரை மணலில் தடம் பார்த்துப் போனோம். ஒரு காஃப் மரத்தடியில், நம்ம ஊர் வன்னி மரம்தான் அது, அது நின்றுகொண்டே இருந்தது, கயல். படுக்கக்கூட இல்லை. எங்களைப் பார்த்தும் ஓட முடியவில்லை. குல் பாய் அல்லாவின் பெயரைச் சொல்லிக் கத்தியால் முடித்துவைத்தார். அர்பாப் அந்தக் கறியைத் தொடவில்லை. அதற்குப் பிறகு துப்பாக்கியையும் தொடவில்லை.

இந்த வருஷம் மறுபடி அந்த வேலை வந்தது. நான் ஒரு முடிவோடு இருந்தேன். சுட்டால் ஒரே சூடு, நின்ற இடத்தில் விழ வேண்டும். இல்லையென்றால் வண்டிச் சாவியை வைத்துவிட்டு, வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவது.

முதல் வேலையாக அபுதாபியில் வேறொரு துப்பாக்கிக் கடைக்குப் போன் போடச் சொன்னார் அர்பாப். நான் இந்தியில் ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் இருந்த ஆள் என் இந்தியைக் கேட்டதுமே, "தமிழோ?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர், பேர் குகன்.

"சொல்லுங்கோ அண்ணை, என்ன ரவை வேணும்?"

"ரவையா?"

"ஓம், ரவைதான். எந்த ரவை?"

"தம்பி, இது துப்பாக்கிக் கடைதானே? நான் உப்புமா கிண்டப் போறதில்லைங்க. தோட்டா வேணும், தோட்டா."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமானது. அவர்கள் ஊரில் தோட்டாவுக்கு ரவை என்று பேராம். "உப்புமா பிறகு கிண்டலாம் அண்ணை, முதல்ல லைசென்ஸ்காரரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவர் வந்து கையெழுத்து வைக்காமல் ஒரு ரவையும் தரேலாது" என்றார்.

மறுநாள் விடியற்காலை, பஜர் தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். இந்த 2005-ஆம் வருஷத்துக் குளிர்காலம்தான். ஹீட்டர் போட வேண்டிய குளிர். கேட்டில் அர்பாப்பின் மூத்த மகன் நின்றிருந்தார். அர்பாப்பிடம் அரபியில் ஏதோ சொன்னார். அர்பாப் தலையை ஆட்டிவிட்டு, வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் அவரே எங்கள் உடைந்த இந்தியில் சொன்னார்: "போல்தா ஹை, இஸ் பார் பி ஜக்மி ஹுவா, பந்தூக் கலாஸ்." இந்தத் தடவையும் காயம்பட்டு ஓடினால் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறான் மகன்.

"ஆப் க்யா போலா, அர்பாப்?"

"ஹம் போலா, டீக் ஹை."

ஒப்புக்கொண்டுவிட்டார்.

லிவாவிலிருந்து பிதா சாயித் வரை ரோட்டின் இரண்டு பக்கமும் மணல்தான். காலை வெயிலில் ஒரு பக்கம் செங்கல் பொடி நிறம், மறுபக்கம் நிழல் கறுப்பு. காற்று ரோட்டின் மேல் மணலைப் பாம்பு மாதிரி ஓட்டிக்கொண்டே இருக்கும். பிதா சாயித் தாண்டி வடக்கே போகப் போக மணல் தட்டையாகி, தரிஃப் வந்ததும் தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரிகிறது. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் அபுதாபி. மொத்தம் இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒட்டகம் குறுக்கே வராவிட்டால் இரண்டரை மணி நேரம்.

முசஃபா வந்ததும் அர்பாப் டீ கேட்டார். முசஃபா என்பது ஒர்க்‌ஷாப்களும் கேம்ப்களும் நிறைந்த ஊர். வெல்டிங் சத்தம் இல்லாத தெருவே கிடையாது. அர்பாப்பிடம் வருவதற்கு முன்னால் நான் இங்கேதான் கிரேன் ஹெல்ப்பராக இருந்தேன். மலையாளி டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தால் டீ வண்டிக்கே வரும். ஒரு கப் ஒரு திர்ஹம். அர்பாப் நாலு சர்க்கரை போட்ட டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, "யல்லா" என்றார், கிளம்பு என்று.

கடை டவுனுக்குள் இருந்தது. உள்ளே ஏசிக் குளிர், எண்ணெய் வாசனை. சுவர் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் துப்பாக்கிகள். குகன் மெலிந்த ஆள், முப்பது வயது இருக்கும். அர்பாப்பை நாற்காலியில் உட்காரவைத்து, காவா என்கிற அரபிக் காப்பியும் பேரீச்சம்பழமும் வைத்து, லைசென்ஸையும் போலீஸ் அனுமதித் தாளையும் வாங்கிப் பார்த்தார். பிறகு மேஜையில் மூன்று பெட்டிகளைத் திறந்துவைத்தார். மூன்றும் கம்பெனியில் செய்து அடைத்து வருகிற தோட்டாக்கள். ஒரு பெட்டிக்கு இருபது.

குகனுக்கு இந்தி வராது. அரபியும் சலாம், ஷுக்ரன் அளவுக்குத்தான். அரபி பேசுகிற முதலாளி வெளியே போயிருந்தார். ஆகையால் குகன் தமிழில் சொல்ல, நான் எங்கள் இந்தியில் அர்பாப்புக்குச் சொல்வது என்று ஏற்பாடு. போன வருஷம் கிடா மூன்று காலில் ஓடிய கதையை குகனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முதல் பெட்டியைக் காட்டி, "உது ஐம்பத்தெட்டுக் கிரெய்ன். போன வருஷம் நீங்கள் பாவிச்சது இதுதானே?" என்றார். மூன்றாவது பெட்டியைத் தொட்டு, "இது நூறு கிரெய்ன்" என்றார்.

"நூறு கிரேனா?" எனக்குத் தலை சுற்றியது. "நான் கிரேன்ல வேலை பார்த்தவன் தம்பி. நூறு டன் கிரேன் தெரியும். இத்தனூண்டு சாமானுக்குள்ள நூறு கிரேன் எப்படி வரும்?"

"ஐயோ அண்ணை, கிரேன் இல்லை, கிரெய்ன். அது நிறை. முன்னாலை இருக்கிற ஈயத் துண்டின்ரை நிறை. நூறு கிரெய்ன் எண்டால் ஆறரைக் கிராம்."

ஆறரைக் கிராம் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. ஒரு பவுன் எட்டுக் கிராம். அப்படியானால் அம்மாவின் ஒரு பவுன் மோதிரத்தைவிட எடை குறைவு. போன வருஷத்துத் தோட்டா அரைப் பவுன்கூட இல்லை. அந்த அரைப் பவுன் ஈயம்தான் அவ்வளவு பெரிய கிடாயின் தோள் எலும்பை உடைத்து உள்ளே போக வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்த்திருக்கிறோம்.

"அது நரிக்குச் சரி. மெல்லிசு, வேகம் கூட, பட்ட உடனை சிதறும்" என்றார் குகன். "உதை குறைஞ்ச துவக்கு எண்டால் லேசான ரவைதான் போட வேணும் எண்டு கனபேர் நினைக்கிறவை. அது பிழை. நூறு கிரெய்ன் போட்டாலும் இந்தத் துவக்கு பெரிசா உதைக்காது. ஐயாவின்ரை தோள் தாங்கும்." துவக்கு என்றால் அவர்கள் ஊரில் துப்பாக்கி.

இரண்டாவது பெட்டியில் இருந்தவை முனை வரை செம்புத் தகடு மூடியவை, பளபளவென்று அழகாக இருந்தன. மூன்றாவதில் முனையில் மட்டும் சாம்பல் நிற ஈயம் வெளியே தெரிந்தது. "இதுக்கு முனை மெத்து. மானுக்கு இதுதான். உள்ளே போய் விரியும். விரிஞ்சால்தான் டக்கெண்டு விழும். மற்றது குத்தூசி மாதிரி ஊடறுத்துப் போயிடும். மான் காயத்தோடை ஓடும்."

நான் அர்பாப் பக்கம் திரும்பினேன். மெத்து என்பதற்கு எனக்குத் தெரிந்த இந்தி ஒன்றுதான். "அர்பாப், யே வாலா அச்சா. யே நரம் கோலி ஹை."

அர்பாப் முகம் சுருங்கிவிட்டது. நரம் என்றால் மெது. ஆனால் எங்கள் இந்தியில் அது தளர்ந்துபோனது, வலுவில்லாதது என்றும் ஆகும். அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது.

"நரம்?" என்றார். "கந்தா நரம், பந்தூக் நரம், அபி கோலி பி நரம்? ராஜு, ஹம் புட்டா ஹை, லேகின் மரா நஹி." தோள் தளர்ந்தது, துப்பாக்கி தளர்ந்தது, இப்போது தோட்டாவும் தளர்ந்ததா, நான் கிழவன்தான், இன்னும் சாகவில்லை என்கிறார். செம்பு மூடிய பெட்டியைக் கையால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சக்த் வாலா தேதோ. கலாஸ்."

"உவர் என்ன சொல்லுறார்?" என்று குகன் கேட்டார்.

"கெட்டியானதுதான் வேணுங்கிறாரு."

"ஐயோ, அதை மாத்திரம் எடுக்க விடாதேங்கோ. அது இலக்கு வைச்சுப் பழகிறதுக்கு உள்ளது. போன வருஷம் பட்ட பாடு காணாதே?"

போன வருஷத்தை அவர் சொன்னதும் காஃப் மரத்தடி என் கண்ணில் வந்து நின்றது. விடக்கூடாது என்று மறுபடி ஆரம்பித்தேன். "அர்பாப், நரம் நஹி. அந்தர் ஜாகே கூல்தா ஹை, பூல் கே மாஃபிக்." உள்ளே போய்ப் பூ மாதிரி விரியும் என்றேன்.

அர்பாப் வாய்விட்டுச் சிரித்தார். "பூல்! ஷாதி ஹை க்யா? ஹிரன் கோ பூல் தேகா?" கல்யாணமா, மானுக்குப் பூக் கொடுக்கப் போகிறோமா?

எனக்கு வேர்த்தது. ஏசிக்குள் வேர்த்தது. குகன் வேறு, "குடை எண்டு சொல்லிப் பாருங்கோவன்" என்றார். குடை என்றால் மழைக்குப் பிடிப்பது, அதிலும் இவர் சிரிப்பார். மெதுவாக யோசித்தேன். இந்த மனுஷனுக்குத் தெரிந்த எது மூடிக்கொண்டு போய், பட்ட இடத்தில் விரியும்?

அவருடைய ஷாஹீன் ஞாபகம் வந்தது. ராஜாளி இனத்துப் பறவை. குளிர்காலத்தில் அதைப் பறக்கவிட வண்டி ஓட்டிப் போயிருக்கிறேன். பறக்கும்போது காலை வயிற்றோடு மடக்கி வைத்துக்கொள்ளும். இரையின் மேல் விழும் நேரத்தில்தான் நகங்கள் விரியும்.

நான் கையை மூடிக் காட்டினேன். "அர்பாப், ஷாஹீன் உட்தா ஹை, பஞ்சா பந்த்." பிறகு மேஜையில் இருந்த பேரீச்சம்பழத் தட்டின்மேல் கையை இறக்கி, ஐந்து விரலையும் விரித்தேன். "மார்தா ஹை, பஞ்சா கூலா. யே கோலி ஐசா." பஞ்சா என்றால் நகமுள்ள பாதம்.

அர்பாப் என் விரல்களைப் பார்த்தார். பிறகு மூன்றாவது பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து, முனையில் கட்டை விரல் நகத்தை அழுத்தினார். ஈயத்தில் நகத் தடம் பதிந்தது.

"பஞ்சா கோலி" என்றார் தனக்குத்தானே. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் பெரிய மனிதர், ஒரே பேச்சில் இறங்கி வந்துவிடுவாரா? "தோனோ லேகா. காகஸ் பே தேகேகா." இரண்டையும் வாங்குவோம், காகிதத்தில் சுட்டுப் பார்த்து முடிவு செய்வோம் என்றார்.

குகன் பில் போட்டுக்கொண்டே என்னிடம் மட்டும் சொன்னார்: "அண்ணை, ரவையை மாத்தினால் படுகிற இடமும் மாறும். முதல்ல அட்டையிலை சுட்டு, துவக்கிலை குறி பாக்கிற கண்ணாடியைத் திருத்திப்போட்டுத்தான் மானிட்டைப் போக வேணும். விளங்குதே? அவசரப்படுத்தினால் விடாதேங்கோ."

"விடமாட்டேன் தம்பி."

"பிறகு உப்புமா கிண்டுங்கோ."

மறுநாள் காலை. பழைய நாளிதழ்களைக் கட்டாகக் கட்டி இரவே தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டிருந்தேன். குல் பாயும் நானும் அவற்றைத் தூக்கி ஒரு மணல் மேட்டுக்கு முன்னால் அடுக்கினோம். அர்பாப் மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து, முதலில் செம்புத் தோட்டாவைப் போட்டுச் சுட்டார். போய்ப் பார்த்தால் முன்னால் பென்சில் ஓட்டை, பின்னாலும் அதே பென்சில் ஓட்டை. தோட்டா மணலுக்குள் எங்கோ போய்விட்டது. அடுத்து மெத்து முனை. முன்னால் அதே சின்ன ஓட்டைதான். உள்ளே தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போனால், கைமுட்டி நுழையும் அளவுக்குக் கிழிந்து, கட்டின் கடைசியில் அந்த ஈயம் உட்கார்ந்திருந்தது. ஓரமெல்லாம் நாலா பக்கமும் மடங்கி விரிந்திருந்தது.

குல் பாய் அதை எடுத்து அர்பாப் கையில் வைத்து, "வல்லாஹ், பஞ்சா!" என்றார். தோளை ஒரு தடவை சுழற்றிப் பார்த்துக்கொண்டு அர்பாப் சொன்னார்: "தர்த் மாஃபி." வலி இல்லை. "சலோ, ஹிரன்."

நான் வண்டியைக் கிளப்பவில்லை.

"அர்பாப், பெஹ்லே அட்டா பே." இந்தியில் அட்டை என்று தெரியாமல் தமிழையே கொஞ்சம் நீட்டிச் சொன்னேன். இந்தியில் ஆட்டா என்றால் மாவு. "ஆட்டா?" என்று அவர் புருவத்தை உயர்த்தினார். குல் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஓடிப்போய் ஒரு அட்டைப் பெட்டியில் கரியால் வட்டம் போட்டு, நூறு மீட்டரில் வைத்துவிட்டு வந்தேன். அர்பாப் முனகிக்கொண்டே சுட்டார். தோட்டா வட்டத்துக்கு நாலு விரல் கீழே பட்டிருந்தது. கண்ணாடி போன வருஷத்து லேசான தோட்டாவுக்கு வைத்தபடியே இருந்திருக்கிறது. அப்படியே மானிடம் போயிருந்தால் மறுபடியும் ஒரு காலைத்தான் உடைத்திருப்போம். அர்பாப் அந்த ஓட்டையில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார். என்னையும் பார்த்தார். மறுபடி உட்கார்ந்து, துப்பாக்கிக் கண்ணாடியின் திருகைத் திருப்பித் திருப்பி, வட்டத்துக்குள் மூன்று தோட்டாவும் ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி விழும்வரை சுட்டார்.

சாயங்கால வெயிலில் போனோம். அடையாளம் வைத்திருந்த கிடா வயதானது, ஒரு கொம்பு முனை ஒடிந்தது. கூட்டத்தை விட்டுத் தனியே நின்றிருந்தது. நூறு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். பக்கவாட்டாகத் திரும்பும்வரை அர்பாப் காத்திருந்தார். எனக்கு அவருடைய மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால் கூட்டம் வந்து நின்றபோது துப்பாக்கியை இறக்கிவிட்டார். கூட்டம் விலகியதும் மறுபடி ஏந்தினார். "பிஸ்மில்லாஹ்" என்றார். அந்த வார்த்தை முடியவும் வெடிச் சத்தம் வந்தது.

கிடா முன்னங்கால் மடிந்து அங்கேயே விழுந்தது. ஒரு எட்டுக்கூட எடுத்துவைக்கவில்லை. குல் பாய் கத்தியோடு ஓடிப் போவதற்குள் அதன் கண் அசைவு நின்றிருந்தது. தோளுக்குப் பின்னால் சின்ன ஓட்டை, அவ்வளவுதான்.

அர்பாப் துப்பாக்கியிலிருந்து மிச்சத் தோட்டாக்களைக் கழற்றிவிட்டு, என் தோளில் கை வைத்தார். "ஷுக்ரன், ராஜு" என்றார். பத்து வருஷத்தில் அந்த வார்த்தையை எனக்கு அவர் சொன்னது குறைவு. அன்று ராத்திரி சாப்பாட்டில் அவரும் உட்கார்ந்து கறி சாப்பிட்டார். மகன்தான் பரிமாறினார்.

பாவம் இல்லையா என்று உங்களுக்குத் தோன்றும். பாவம்தான். கோடியக்கரையில் இதே மானைத் தொட்டால் ஜெயில். அது சரியான சட்டம்தான், அங்கே மான் தன் காட்டில் தானாக வாழ்கிறது. இங்கே அதற்குத் தண்ணீரும் நாம் ஊற்ற வேண்டும், சாவும் நாம் கொடுக்க வேண்டியதாக இருக்கிறது. கொடுப்பது என்று ஆகிவிட்டால் அது படாத பாடு படக்கூடாது. நான் பிடிவாதம் பிடித்தது அதற்காகத்தான். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் படித்து, இதைவிட நல்ல பதில் கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள்.

அன்று சாயங்காலம் கிடாயைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் போன பிறகு, வெளிச்சம் போவதற்குள், ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தனியாக அந்த இடத்துக்கு நடந்து போனேன். மணலில் ரத்தம் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. அதற்குள் மற்ற மான்கள் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போன குளம்புத் தடங்கள் சுற்றிலும் இருந்தன. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். ஈரம் தீரும்வரை மணலை வெட்டி அடியில் தள்ளி, மேலே காய்ந்த மணலைப் பரப்பி, உள்ளங்கையால் தடவிச் சமமாக்கினேன்.